முதல்ல போட்டதா, ரெண்டாவதா?

பத்து நாள் வெளியூர் வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் பையை நடையில் போட்டுவிட்டு, கால்கூடக் கழுவாமல் நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சமையலறை வாசலில் கரண்டியும் கையுமாக நின்றேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில், தரையில் டேப் ஒட்டி அளந்து போட்ட நாற்காலி அது. முப்பத்தொரு வருஷத்தில் நான் அதில் மொத்தமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அதிகம். ரிமோட்டை எடுத்தார், கண்ணை மூடினார். அடுப்பில் இருந்ததை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். ஏனென்றால் அவர் கேட்கப் போகும் பாட்டையும், அதோடு சேர்த்து அவருடைய நாலாயிரத்துச் சொச்சம் பாட்டையும் அந்தப் பத்து நாளில் நான் நாசம் பண்ணி வைத்திருந்தேன்.

வீட்டுக்காரருக்கு விலை உயர்ந்த ஆடியோ சாதனங்கள் விற்கும் கடையில் வேலை. விற்பது அவர் வேலை இல்லை. விற்ற ஸ்பீக்கரோடு வாங்கியவர் வீட்டுக்குப் போய், அந்த அறைக்குத் தகுந்தபடி நகர்த்தி, திருப்பி, ஏற்றி இறக்கி, "இப்ப கேளுங்க" என்று சொல்வதுதான் வேலை. கடையில் அவருக்குப் பெயரே காதுக்காரர். கல்யாணமான புதிதில் ஒருநாள் காலையில் படுக்கையில் இருந்தபடியே, "ஃபிரிட்ஜ் மோட்டார் நேத்தைவிட அரை சுரம் எறங்கிடுச்சு" என்றார். மூன்றாம் நாள் ஃபிரிட்ஜ் செத்தது. எதிர்வீட்டு டிவியில் இடது ஸ்பீக்கர் போய்விட்டது என்று எங்கள் வீட்டில் இருந்தே சொல்வார். அத்தனையும் கேட்கிற காதில் என் பேச்சு மட்டும் ஏறாது. அவர் கண்ணை மூடிப் பாட்டில் இருப்பார், நான் என் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பேன். செவிடன் காதில் ஊதின சங்கு என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆனால் போன ஒரு வருஷமாக மனிதர் மாறியிருந்தார். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். சாப்பிடும்போது எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் பேச ஆரம்பித்தால் பாட்டை நிறுத்தினார். சமையலறையில் இருந்து ஏதாவது சொன்னால், "இங்க வந்து சொல்லேன்" என்று கூப்பிட்டார். போனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். முப்பது வருஷம் என் பக்கமே திரும்பாத கண் ஐம்பத்தாறு வயதில் என் மேல் விழுகிறது. ஒரு லிப்ஸ்டிக் வாங்கினேன், பூசியிருக்கிறதா இல்லையா என்றே தெரியாத நிறத்தில். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிற பெண், "என்னக்கா, மறுபடியும் கல்யாணமா?" என்று கேலி செய்தாள். "உனக்குப் பத்திரிகை உண்டு போடி" என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன், பொய் சொல்லக் கூடாது.

நாசத்தின் கதைக்கு வருகிறேன். மகள் தன் சம்பளத்தில் அவருக்கு ஒரு ஸ்ட்ரீமர் வாங்கி அனுப்பினாள். டிபன் டப்பா உயரத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. டிஸ்க்கில் இருக்கும் பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கும். எல்லாம் சரி, ஆனால் அவர் சேர்த்து வைத்திருந்த பாட்டில் முக்கால்வாசியை அது வாங்கிக்கொள்ளவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் குறுந்தட்டுகளில் இருந்தும் வேறு எங்கெங்கிருந்தோ தேடியும் ஏற்றி வைத்த கோப்புகள் அவை. துளி ஒலிகூடக் குறையாமல் சுருக்கி வைக்கும் ஒரு பழைய வகை. கம்ப்யூட்டரில் பார்த்தால் ஒவ்வொன்றின் மேலும் குட்டியாக ஒரு குரங்குப் படம் இருக்கும். அதனால் வீட்டில் அவற்றுக்குப் பெயர் குரங்குக் கோப்பு. புதுப் பெட்டிக்கு ஃப்ளாக் என்கிற வகை தெரியும், குரங்கு தெரியாது. அதையும் துளி குறையாமல் ஃப்ளாக்காக மாற்றிவிடலாம், கம்ப்யூட்டர் தானாகச் செய்யும், நாள்தான் ஆகும். வெளியூர் கிளம்பும்போது என்னை உட்கார வைத்து, எதை அமுக்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார். அந்தக் குறுந்தட்டுகள் எதுவும் இப்போது இல்லை, இந்தச் சின்ன வீட்டுக்கு வந்தபோது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம்.

இரண்டு நாள் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் நாள் டிஸ்க்கில் இடம் இல்லை என்று நின்றுவிட்டது. அவருக்கு போன் செய்திருக்கலாம். வேலையில் இருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பார்த்தேன், நமக்கும் மூளை இருக்கிறது என்று காட்டுகிற ஆசையும் கொஞ்சம். 'சிறிய அளவு, நல்ல தரம்' என்று ஒன்று இருந்தது. நல்ல தரம் என்று அவனே எழுதியிருக்கிறானே என்று அதை அமுக்கினேன். 'மாற்றியதும் பழையதை அழிக்கவா' என்றது. அழி என்றேன். பிறகு முதல் இரண்டு நாளில் மாற்றியது உட்பட மொத்த டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு ஜாம் ஜாம் என்று ஓடியது. ஒன்பதாம் நாள் பார்த்தால் டிஸ்க் முக்காலே மூணு வீசம் காலி. ஒவ்வொரு பாட்டும் இருபதில் ஒரு பங்காகச் சுண்டி, மட்டமான எம்பி3யாக உட்கார்ந்திருந்தது. இன்னொரு டிஸ்க்கில் நகல் இருக்கிறதே என்று ஓடினேன். அது தினமும் முதல் டிஸ்க்கைப் பார்த்து அப்படியே தன்னை மாற்றிக்கொள்ளும் நகல். அதிலும் அழிந்திருந்தது. எம்பி3யை மறுபடி ஃப்ளாக்காக்கினால் கோப்பு பெரிசாகுமே தவிர, போன ஒலி வராது. இது எனக்கே தெரியும். "ஆம்லெட் போட்ட முட்டை குஞ்சு பொரிக்காது" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்தவள் நான். குரங்குக் கையில் பூமாலை என்பார்கள். எங்கள் வீட்டில் பூமாலைதான் குரங்கு, பிய்த்துப் போட்டது நான்.

ஆக, அவர் கண்ணை மூடினார். பாட்டு ஆரம்பித்தது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். இந்த மாதிரிக் கோப்பை அந்தக் காலத்தில் இவர் குளியலறையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போதே கண்டுபிடித்து, "யாரு அந்தத் தகர டப்பாவப் போட்டது?" என்று கத்துவார். நான் கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஆகா" என்றார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "புது மிஷின்ல என்ன தெளிவு பாத்தியா? டிரம்ஸ்ல அந்த வெண்கலத் தட்டு அடிச்சு ஓயற வரைக்கும் கேக்குது."

எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். தப்பித்தேன். அன்றைக்கு முட்டைப் பொரியலில் இரண்டு முட்டை அதிகம் போட்டேன். மறுநாள் அவர் ஸ்ட்ரீமரின் சின்னத் திரையை அணைத்து வைத்தார். "வெளிச்சம் கண்ணக் குத்துது" என்றார். பாட்டு என்ன வகை, என்ன அளவு என்று அந்தத் திரையில்தான் வரும். கடவுளாகப் பார்த்து அணைக்க வைத்தார் என்று நினைத்துக்கொண்டேன். நாலைந்து நாள் கழித்துத்தான் அந்த நிம்மதி புளிக்க ஆரம்பித்தது. ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடாவிட்டால் கீச்சென்று ஒரு மணி அடிக்கும். அவர் அதன் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் வந்து மூடினேன். சோம்பேறித்தனம் என்று இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் கடையின் சின்ன முதலாளி என் கடைக்கு போன் செய்தார். அப்பா பெரியவர் காலத்தில் அந்தக் கடையில் ஓடி விளையாடிய பையன், இப்போது அவர்தான் எல்லாம்.

"அக்கா, வீட்ல சொல்லாதீங்க. போன மாசம் அண்ணன் ஒரு பல் டாக்டர் வீட்ல செட் பண்ணாரில்ல? அவர் கூப்பிட்டு, பாட்டக் கேட்டா பல்லு கூசுதுங்கறார். பல் டாக்டருக்கே கூசுதுன்னா பாத்துக்குங்க. மேல் ஒலியெல்லாம் கன்னாபின்னான்னு ஏத்தி வெச்சிருக்கார். இது மூணாவது வீடு."

நான் போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே வந்தேன்.

"புது இசை அரங்கத்துக்கு நம்ம கடைதான் ஸ்பீக்கர் போடறோம். அண்ணன்தான் செய்யணும்னு அப்பா சொல்லிட்டுப் போன மாதிரி எனக்கு. ஆனா அங்க தப்பாச்சுன்னா அத்தனை பேர் முன்னாடி அவர் மானம் போயிடும். அவர்கிட்ட கேக்க எனக்கு வாய் வரல. நீங்க சொல்லுங்கக்கா, அவருக்குக் காது நல்லாருக்கா? நீங்க நல்லாருக்குன்னா குடுத்துடறேன். திங்கக்கிழமை காலைல வீட்டுக்குக் கூப்பிடறேன்."

கண்ணாடிக் கடையில் என் வேலை கண் சோதிப்பது. மூக்கில் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டு, "இது தெளிவா, இல்ல இப்பவா? முதல்ல போட்டதா, ரெண்டாவதா?" என்று நாளெல்லாம் கேட்பேன். சில பேர், முக்கியமாக வண்டி ஓட்டும் உரிமத்துக்காக வருகிறவர்கள், முன்னால் நிற்கும்போதே பலகையில் உள்ள எழுத்துகளை மனப்பாடம் செய்துகொள்வார்கள். கடகடவென்று ஒப்பிப்பார்கள். அப்படிச் சந்தேகம் வந்தால் எங்களிடம் ஒரு வழி உண்டு. ஒரே வில்லையை எடுத்து, துடைத்து, மறுபடி அதையே போட்டு, "இப்ப எப்படி?" என்று கேட்போம். தெரிகிறவர், "அதேதாம்மா" என்பார். தெரியாதவர்தான், "ஆமாமா, இப்ப பளிச்சுன்னு இருக்கு" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும், "ஒரு ஆட்டம் ஆடலாமா?" என்றேன். அது அவருடைய பழைய ஆட்டம். விருந்தாளிகள் வந்தால் ஒரே பாட்டைப் பெரிய கோப்பாகவும் சின்னக் கோப்பாகவும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, எது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. "என்ன திடீர்னு?" என்று சிரித்தார். ஆனாலும் போய் உட்கார்ந்தார். நான் ரிமோட்டை எடுத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கடையிலும் அப்படித்தான், சோதிக்கும்போது நம் முகம் அவர்கள் கண்ணில் படக் கூடாது.

ஊரில் இருந்து வந்த அன்றைக்கு அவர் கேட்ட பாட்டையே போட்டேன். அரை நிமிஷத்தில் நிறுத்தி, மறுபடி அதே கோப்பை, அதே இடத்தில் இருந்து போட்டேன். அதேதாம்மா என்று சொல்லிவிடுங்களேன், சொல்லிவிடுங்களேன் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

பாட்டு நின்றது. அவர் தோளைத் தட்டினேன்.

"ரெண்டாவது" என்றார். "சந்தேகமே இல்ல. முதல்ல போட்டதுல வயலின் மேல துணி போத்தின மாதிரி இருந்துது. ரெண்டாவதுல வில்லு கம்பியில உரசறதே தனியா கேக்குது. அந்தத் தட்டு இருக்கு பாரு, அது மெதுவா ஓஞ்சு, அவ பாட ஆரம்பிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அடங்கும்."

எல்லாம் சரி. அந்தப் பாட்டில் அது அதெல்லாம் அங்கங்கே உண்டு. பலகை முழுக்க மனப்பாடம். இருபத்தைந்து வருஷம் கேட்டு வைத்திருந்ததை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்துவிட்டு, சின்னப் பையன் மாதிரி பாராட்டுக்காகத் திரும்பினார். திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் முகத்தைச் சரி செய்துகொள்ளப் பார்த்தேன். முடியவில்லை.

"சரியா சொல்லிட்டீங்க" என்றேன்.

அவர் என் கையில் இருந்த ரிமோட்டை வாங்கினார். அதை நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் செய்த நாசத்தைச் சொல்ல ஆரம்பித்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும். வந்த மறுநாளே அந்தத் திரையில பாத்தேன். எம்பி3ன்னு போட்டிருந்துது. ஒவ்வொண்ணா தொறந்து பாத்தேன், அத்தனையும் அப்படி. உன்னைத் திட்டணும்னு சமையக்கட்டு வரைக்கும் வந்துட்டேன். அப்பத்தான் உறைச்சுது. முந்தின நாள் அதைக் கேட்டுட்டுத்தானே ஆகான்னேன்."

வாசல் வரைக்கும் வந்தவர் திரும்பிப் போய்த் திரையை அணைத்திருக்கிறார். எனக்காக இல்லை. இனி அந்த எழுத்து தன் கண்ணில் படக் கூடாது என்று.

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷம். அதுக்கு மேலயும் இருக்கும். மேல இருக்கற ஒலியெல்லாம் மொதல்ல போச்சு. அப்புறம் பேச்சு. சத்தம் கேக்குது, வார்த்தை உதிர்ந்து போகுது. அதுவும் உன் குரல் மெல்லிசா, அதான் மொதல்ல போயிடுது." சொல்லிவிட்டு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, சேர்த்துச் சொன்னார், "ஆனா வாயப் பாத்தா பிடிச்சுடறேன். நீ எதிர்ல உக்காந்து பேசினா ஒண்ணும் தப்பறதில்ல."

வாயைப் பார்த்தால்.

எழுந்து சமையலறைக்குப் போனேன். குழாயைத் திறந்தேன். கழுவ ஒரு பாத்திரமும் இல்லை, ஏற்கெனவே கழுவி வைத்த தட்டை எடுத்து மறுபடி கழுவினேன். அழுகை வந்தது, எதற்கு என்றுதான் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் காது போனதற்கு அழுதேன். அதை ஒரு வருஷம் தனியாக வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாரே, அதற்கு அழுதேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், அந்த லிப்ஸ்டிக்குக்காகவும் அழுதேன். எதிரில் உட்கார்ந்ததும், பாட்டை நிறுத்தியதும், இங்க வந்து சொல்லேன் என்று கூப்பிட்டதும், எல்லாம் இதற்குத்தானா? கண் பார்த்தே சம்பாதிக்கிற எனக்கு, ஒருவர் என் கண்ணைப் பார்க்கிறாரா வாயைப் பார்க்கிறாரா என்று ஒரு வருஷம் தெரியவில்லை.

அவர் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. நான் திரும்பவில்லை. குழாயைப் பார்த்தபடியே சொன்னேன். "நீங்க என்னைப் பாக்கறீங்கன்னு நெனச்சேன். இத்தனை வருஷம் கழிச்சு என்னைப் பாக்கறீங்கன்னு நெனச்சேன்."

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"என்ன சொன்ன?" என்றார். "திரும்பிச் சொல்லு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். "ஒண்ணுமில்ல. முதலாளி போன் பண்ணார்ன்னேன்."

அதையும் சொல்ல வேண்டியதுதானே, சொன்னேன். பல் டாக்டரை, மூன்று வீடுகளை, அரங்கத்தை, திங்கட்கிழமையை. என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டார். இப்போது அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் பார்வை என் கண்ணுக்குக் கீழே மூக்கைத் தாண்டித்தான் நின்றது. இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போயிற்று?

கேட்டு முடித்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "அரங்கம் ஒண்ணு மட்டும்" என்றார். "மைக் வெச்சு அளந்துடலாம், எல்லாத்துக்கும் கருவி இருக்கு. பெரியவர் இருந்தப்பவே பேசின வேலை அது. அத முடிச்சுட்டு நானே நிறுத்திக்கறேன். யாருக்கும் தெரிய வேணாம்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன்."

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவர் என்னிடம் எதையும் இப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை. சட்டைக்குப் பொத்தான் அறுந்தால்கூட அவரே தைத்துக்கொள்வார். நான் குழாயை மூடிவிட்டு, கழுவின தட்டை எடுத்து வைத்தேன். கருவி அளக்கும், ஆனால் கடைசியில் நல்லாருக்கா என்று அத்தனை பேரும் காதுக்காரரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போது ஒப்பிக்க அந்தப் புது அரங்கம் அவருக்கு மனப்பாடம் இருக்காது.

திங்கட்கிழமை காலையில் இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் காபியோடு உட்கார்ந்திருந்தோம். என் இடம் எப்போதும் ஜன்னலுக்கு முதுகு காட்டியபடி. முகத்தில் வெயில் அடித்தால் எனக்குப் பிடிக்காது. அவர் எதிரில் இருந்தார். நான் ஏதோ சொன்னேன், பால் தீர்ந்துவிட்டது என்றோ என்னவோ. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் குனிந்து, என் முகத்தில் தேடினார். பின்னால் அவ்வளவு வெளிச்சம் இருந்தால் முன்னால் இருக்கிற முகம் இருட்டாகத்தான் தெரியும். யாருக்கும் நான் சொல்லக்கூடிய விஷயம் அது. ஒரு வருஷமாகத் தினமும் காலையில் இந்த இருட்டில்தான் அவர் என்னைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

போன் அடித்தது. அது அவருக்குக் கேட்கவில்லை. மேஜை மேல் அது அதிர்ந்ததில் தம்ளரில் காபி அசைந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். சின்ன முதலாளியின் எண். அவர் கை மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

போனை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சமையலறைக்குப் போகலாம். சுவரைப் பார்த்து நின்று பேசலாம். என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. திரும்பி வந்து எதைச் சொன்னாலும் நம்பிக்கொள்வார். அவரும் அதற்குத் தயாராக, தலையைக் குனிந்து தம்ளரைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

நான் மேஜையைச் சுற்றிக்கொண்டு போய், அவர் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன். வெயில் நேராக முகத்தில் அடித்தது. கண் கூசியது. அவர் தோளைத் தட்டினேன். நிமிர்ந்தார். முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, போனைக் காதில் வைத்தேன்.

"அக்கா, சொல்லுங்க" என்றது அந்தப் பக்கம்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன்.